எண்ணிக்கை மறைக்கும் அழிவு: நன்னீர் முத்துச்சிப்பியின் வாழ்வும் காப்பும்

ஐரோப்பாவின் வடபகுதி ஆறுகள் சிலவற்றில் கறுத்த, நீண்ட சிப்பிகள் படுகைச் சரளையில் பாதிக்கு மேல் புதைந்து, ஓடுகளைச் சற்றே திறந்தபடி ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. நீர் தெளிவாக இருக்கிறது, சிப்பிகளும் உயிரோடு இருக்கின்றன. கரையில் நின்று பார்ப்பவருக்கு அது வளமான ஆறாகவே தோன்றும். ஆனால் ஓட்டின் வளர்ச்சி வளையங்களை எண்ணும் ஆய்வாளருக்கு வேறொன்று தெரிகிறது. ஒன்றுக்கு வயது 50, இன்னொன்றுக்கு 70, மற்றொன்றுக்கு 90. படுகையைக் கிளறித் தேடினாலும் முப்பதுக்குக் குறைந்த ஒன்றுகூட அகப்படுவதில்லை. அந்த ஆற்றில் ஒரு தலைமுறைக் காலமாகக் குஞ்சு எதுவும் பிழைக்கவில்லை.

முதியவர்கள் மட்டும் வாழ, பள்ளிக்கூடம் பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் ஊரின் நிலைதான் இந்த ஆற்றுக்கும். வீடுகளில் விளக்கு எரிகிறது என்பதால் அந்த ஊருக்கு எதிர்காலம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஓர் உயிரினம் அழிவதற்கு, இருப்பவை கூட்டமாகச் செத்து மிதக்க வேண்டும் என்பதில்லை. பிறந்தவை வளராமல் போனாலே போதும். நன்னீர் முத்துச்சிப்பியின் கதை இந்த உண்மையை வேறெந்த உயிரினத்தின் கதையையும் விடத் தெளிவாகச் சொல்கிறது. இதைக் காக்க எடுத்த முயற்சிகளில் பல ஏன் தோற்றன, சில ஏன் பலித்தன என்பதற்கான விடையும் அதன் வாழ்க்கைச் சுழற்சியிலேயே இருக்கிறது.

நூறாண்டு வாழும் உயிர்

மார்கரிட்டிஃபெரா மார்கரிட்டிஃபெரா என்பது இதன் அறிவியல் பெயர். லின்னேயஸ் 1758இல் இதை வகைப்படுத்தினார். ஸ்பெயின், போர்ச்சுகல் தொடங்கி பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி, செக் நாடு, ஸ்காண்டிநேவியா வழியாக ரஷ்யாவின் வடமேற்கு வரையிலும், அட்லாண்டிக்கைத் தாண்டி வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் இது வாழ்கிறது. வளர்ந்த சிப்பி பொதுவாக 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்.

தமிழருக்கு முத்து என்றால் மன்னார் வளைகுடாவும் தூத்துக்குடியும்தான் நினைவுக்கு வரும். அங்கே முத்து தரும் சிப்பி கடலில் வாழ்வது. அது வேறு குடும்பம், அதன் வாழ்க்கை முறையும் வேறு. இங்கே நாம் பேசுவது ஆற்றில் மட்டுமே வாழும் சிப்பியைப் பற்றி. அதிலும் எல்லா ஆறும் இதற்கு ஒத்துவராது. நீர் குளிர்ந்ததாகவும் வேகமாக ஓடுவதாகவும் இருக்க வேண்டும். சத்துகளும் சுண்ணமும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஓடு கட்டச் சுண்ணாம்பு தேவைப்படும் ஓர் உயிர், சுண்ணாம்பு அரிதான நீரையே தன் வாழிடமாகக் கொண்டிருக்கிறது. அதனால் இது மிக மெதுவாக வளர்கிறது, மெதுவாகவே மூப்படைகிறது. முதல் முறை இனப்பெருக்கம் செய்ய 10 முதல் 15 ஆண்டுகளுக்கு மேலாகும். அதன் பிறகு நூறு வயதைத் தாண்டி வாழ்வது இதற்கு அபூர்வமன்று. ஸ்காண்டிநேவியாவின் குளிர்ந்த ஆறுகளில் 200 வயதை நெருங்கியவையும் உண்டு. தெற்கே ஸ்பெயினின் வெதுவெதுப்பான ஓடைகளில் ஆயுள் இதில் ஒரு பகுதிதான்.

மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலவே இதன் ஓட்டிலும் ஆண்டுதோறும் ஒரு கோடு பதிகிறது. கோடை வெப்பமாக இருந்தால் இடைவெளி அகலும், குளிர்ந்தால் குறுகும். ஸ்வீடனில் சேகரித்த ஓடுகளைக் கொண்டு 217 ஆண்டுகளின் கோடை வெப்பநிலையை மீட்டெழுதிய ஆய்வு 2004இல் வெளியானது. வெப்பமானிகள் பரவாத காலத்தின் கோடைகளைக்கூட இந்த ஓடுகள் பதிந்து வைத்திருக்கின்றன.

உணவுக்காக இது நீரை உள்ளிழுத்து, நுண்துகள்களைச் செவுளால் வடித்துக்கொண்டு, மிச்ச நீரை வெளியேற்றுகிறது. வளர்ந்த ஒரு சிப்பி நாளொன்றுக்கு 50 லிட்டர் வரை வடிகட்டும். 1,000 சிப்பிகள் உள்ள ஒரு திட்டு நாளுக்கு 50,000 லிட்டர் நீரைத் தூய்மையாக்கும். வடித்ததில் தான் உண்ணாததை உருட்டிப் படுகையில் விடுகிறது. அது நீர்ப்பூச்சிகளின் இளநிலைகளுக்கு உணவாகிறது, அந்தப் பூச்சிகள் மீனுக்கு உணவாகின்றன. தெளிந்த ஆற்றில் வாழும் இந்த உயிர் அந்தத் தெளிவை உண்டாக்குவதிலும் பங்கெடுக்கிறது.

மீனில் ஒரு குளிர்காலம்

இதன் வாழ்க்கைச் சுழற்சி கோடையின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. ஆண் சிப்பி விந்தை நீரில் விடுகிறது. கீழ்ப்புறம் இருக்கும் பெண் சிப்பி, உணவுக்காக இழுக்கும் நீரோடு அதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கருவுற்ற முட்டைகள் பெண்ணின் செவுள்களுக்குள்ளேயே சில வாரம் வளர்கின்றன. ஆண் சிப்பிகள் அருகில் இல்லாத இடங்களில் பெண் சிப்பி இருபாலியாக மாறித் தானே கருவுற்றுக்கொள்வதும் உண்டு. முதுமையிலும் இனப்பெருக்க ஆற்றல் குன்றுவதில்லை. எண்பது வயதுப் பெண் சிப்பியும் இளையதைப் போலவே கருத்தரிக்கும்.

கோடை முதிரும்போது பெண் சிப்பி இளநிலைகளை ஆற்றில் விடுகிறது. ஒரே பருவத்தில் 30, 40 இலட்சம் வரை விடக்கூடும். குளோக்கிடியா எனப்படும் இவை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு குட்டி ஓடுகளும் அவற்றை மூடும் தசையும் உண்டு. கடல் முத்துச்சிப்பியின் இளநிலை சில வாரம் நீரில் மிதந்து திரிந்துவிட்டுப் பிறகு தரையில் அமரும். ஆற்றில் அப்படித் திரிந்தால் நீரோட்டம் அத்தனையையும் கடலுக்கு அடித்துச் சென்றுவிடும். தலைமுறைக்குத் தலைமுறை இனமே கீழ்நோக்கி நழுவிக்கொண்டு போகும். எதிர்நீச்சல் போடக்கூடிய ஒருவரின் துணை இதற்குத் தேவை. அந்தத் துணைதான் மீன்.

எந்த மீனும் போதாது. ஐரோப்பாவில் இதற்கு அட்லாண்டிக் சால்மனும் பழுப்பு டிரௌட்டும்தான் ஓம்புயிர்கள். நார்வே ஆறுகளில் நடந்த ஆய்வுகள் இன்னொரு நுட்பத்தையும் காட்டின. சில ஆற்றுச் சிப்பிகள் சால்மனில் மட்டுமே நன்கு வளர்கின்றன, வேறு சில டிரௌட்டில் மட்டுமே வளர்கின்றன. மீனின் வயதும் முக்கியம். ஒருமுறை குளோக்கிடியாவைச் சுமந்த மீனின் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகிவிடுவதால், ஓரிரு வயதுக்குட்பட்ட இளமீன்களே சிறந்த ஓம்புயிர்களாகின்றன. விடுபட்ட சில நாள்களுக்குள் குளோக்கிடியா இப்படிப்பட்ட மீனின் செவுளுக்குள் போய்ச் சேர வேண்டும். செவுள் தட்டுப்பட்டதும் ஓடுகள் சட்டென மூடிப் பற்றிக்கொள்கின்றன. மீனின் தோல் திசு மேலே வளர்ந்து அதை ஓர் உறைக்குள் பொதிகிறது.

அந்த உறைக்குள் குளிர்காலம் முழுவதும் கழிகிறது. சுமார் பத்து மாதம் மீனின் உடலிலிருந்து உணவு பெற்று, நீளத்தில் ஐந்தாறு மடங்கு பெருத்து, அரை மில்லிமீட்டரை நெருங்குகிறது. மீனுக்குப் பெரும்பாலும் பெரிய கேடு நேர்வதில்லை. அடுத்த ஆண்டு நீர் வெதுவெதுப்பாகும்போது உறை கிழிந்து குட்டிச் சிப்பி படுகையில் விழுகிறது. மீன் மேல்நோக்கி நீந்தியிருந்தால், தாய் இருந்த இடத்துக்கும் மேலே ஒரு புதிய குடியிருப்பு தொடங்குகிறது.

இந்த உறவு மனிதருக்குப் புலப்பட நெடுங்காலம் ஆயிற்று. 1797இல் ராத்கே என்ற ஆய்வாளர், நன்னீர்ச் சிப்பிகளின் செவுளில் இந்த நுண்ணுயிர்களைக் கண்டு, சிப்பியைத் தாக்கும் ஒட்டுண்ணிகள் என்று கருதிப் பெயரும் வைத்தார். அவை சிப்பியின் பிள்ளைகள் என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் உறுதியானது. 1866இல் ஜெர்மானிய ஆய்வாளர் லெய்டிக் அவற்றை மீனின் உடலில் கண்டறிந்த பிறகே சிப்பிக்கு மீன் இன்றியமையாதது என்பது விளங்கத் தொடங்கியது.

சரளைக்குள் ஐந்தாண்டு

மீனிலிருந்து விழுந்த குட்டி உடனே படுகைக்கு மேலே வருவதில்லை. கூழாங்கற்களுக்கும் மணலுக்கும் இடையிலுள்ள சிறு இடுக்குகளுக்குள் புகுந்து, அங்கேயே ஏறத்தாழ ஐந்தாண்டு மறைந்து வாழ்கிறது. அது சுவாசிப்பதும் உண்பதும் அந்த இடுக்குகளில் ஊறிச் செல்லும் நீரில்தான். மேலே ஓடும் நீர் உயிர்வளியைச் சுமந்துகொண்டு சரளையின் ஆழத்துக்குத் தங்குதடையின்றி இறங்க வேண்டும்.

வாழ்க்கைச் சுழற்சியில் அறுந்துபோக மிக எளிதான கண்ணி இதுதான். மேலிருந்து வரும் நுண்வண்டல் இடுக்குகளை அடைத்துவிட்டால் நீர் உள்ளே இறங்காது. அடைபட்ட வண்டலில் உள்ள மட்கு, மிச்சமிருக்கும் உயிர்வளியையும் தீர்த்துவிடும். குட்டி மூச்சுத்திணறிச் சாகும். அதே இடத்தில் அதன் தாய் ஓட்டின் நுனியை நீரோட்டத்தில் நீட்டிக்கொண்டு எந்தக் குறையுமின்றி வாழ்ந்துகொண்டிருக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த கெய்ஸ்ட், அவுயர்ஸ்வால்ட் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. பல நாடுகளின் ஓடைகளில் மேல்நீரின் வேதிநிலையையும் படுகைக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழேயுள்ள நீரின் வேதிநிலையையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். குஞ்சுகள் பிழைக்கும் ஓடைகளில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. குஞ்சுகள் அற்றுப்போன ஓடைகளில் வேறுபாடு பெரிதாக இருந்தது. ஓடும் நீர் தூயதாக இருந்தும் படுகை செத்துக் கிடக்க முடியும் என்பது இதனால் நிறுவப்பட்டது.

பத்துக் கோடியில் ஒன்று

ஸ்காட்லாந்தில் யங், வில்லியம்ஸ் ஆகிய இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பயணத்தின் இழப்புகளைக் கணக்கிட்டது. வெளிவிடப்பட்ட குளோக்கிடியாவில் 99.9996 விழுக்காடு மீனைச் சேராமலே அழிகிறது. பத்து இலட்சத்தில் நான்குதான் செவுளை எட்டுகின்றன. எட்டியவற்றிலும் 95 விழுக்காடு முதிரும் முன்பே உதிர்கின்றன. முதிர்ந்து படுகையில் விழுபவற்றிலும் 95 விழுக்காடு அங்கே நிலைகொள்ளாமல் மடிகின்றன. மூன்றையும் பெருக்கினால், பத்துக் கோடியில் ஒன்று பிழைக்கிறது என்றாகும்.

இந்த எண்ணை வைத்து ஒரு தோராயக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் சிப்பி பருவத்துக்கு 30 இலட்சம் வீதம் 70 பருவங்கள் இளநிலைகளை விட்டால், வாழ்நாளில் மொத்தம் 21 கோடி. அதில் பிழைப்பவை இரண்டு. தனக்கு ஒன்று, தன் துணைக்கு ஒன்று என்று ஈடுகட்ட அது சரியாகப் போதும். எல்லாப் பெண்ணும் எல்லா ஆண்டும் கருத்தரிப்பதில்லை என்பதையும் சேர்த்தால் அந்த மிச்சமும் குறையும். நூறாண்டு ஆயுள் இந்த உயிருக்கு ஆடம்பரமாக வாய்த்ததன்று. அத்தனை கோடி இழப்பை ஈடுசெய்ய அதனிடம் இருக்கும் ஒரே முதல் அதுதான்.

இரண்டு முடிவுகள் இதிலிருந்து கிடைக்கின்றன. முதலாவது, வளர்ந்த சிப்பியைக் கொல்வது பேரிழப்பு. முப்பது வயதுச் சிப்பி ஒன்றைக் கொன்றால், எஞ்சியிருக்கும் நாற்பது, ஐம்பது பருவங்களின் முயற்சியும் அதோடு போகிறது. இரண்டாவது, படுகையில் குட்டிகள் பிழைக்கும் விகிதம் 5 விழுக்காட்டிலிருந்து இரண்டரையாகக் குறைந்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் இனம் பாதியாகிவிடும். அந்த விகிதம் சுழியமானால் எத்தனை ஆண்டு வாழ்ந்தும் பயனில்லை. மனிதர்கள் முதல் தவற்றைப் பல நூற்றாண்டுகள் செய்தார்கள். அதைச் சட்டம் போட்டுத் தடுக்கும் வேளையில் இரண்டாவது தவறு பெருகிவிட்டது.

முத்துக்கு விலை

ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ், ஜூலியஸ் சீசர் பிரிட்டன் மீது படையெடுத்ததற்கு முத்தாசையும் ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறார். 1621இல் ஜெர்மனியின் சாக்சனி ஆட்சியாளர் தன் நாட்டு ஆறுகளில் முத்தெடுப்பதை அரச உரிமையாக்கினார். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த முத்தெடுப்பாளர்கள், சிப்பியைக் கொல்லாமல் தனிக்கருவியால் சற்றே திறந்து பார்த்துவிட்டு, மறுபடி ஆற்றில் விடும் வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தார்கள். பிற இடங்களில் அந்தப் பொறுமை இல்லை. ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் திறந்தால்தான் நல்ல முத்து ஒன்று அகப்படும். திறந்தவற்றைக் கரையில் குவியலாக விட்டுச் செல்வதே பெரும்பாலும் நடந்தது.

ஸ்காட்லாந்தில் நாடோடிக் குடும்பங்கள், அடியில் கண்ணாடி பதித்த வாளியால் ஆற்றுக்குள் நோக்கி, பிளவுபட்ட கழியால் சிப்பியைப் பறித்தெடுப்பார்கள். 1967இல் வில்லியம் அபர்நெதி என்பவர் டே ஆற்றில் கண்டெடுத்த பெருமுத்து அந்த நாட்டில் இன்றும் பேசப்படுகிறது. அத்தகைய ஒரு செய்தி பரவும்போதெல்லாம் தொழிலறியாதவர்களும் ஆற்றில் இறங்கினார்கள். கடைசியில் நாடுகள் ஒவ்வொன்றாகத் தடை விதித்தன. ஃபின்லாந்து 1955இல், நார்வே 1993இல், ஸ்வீடன் 1994இல், பிரிட்டன் 1998இல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட ஆணையும் இந்தச் சிப்பிக்குப் பாதுகாப்பளித்தது.

தடைக்குப் பின்னும் தேய்வு

மற்றவர்களை விட நெடுங்காலம் முன்னரே தடை விதித்த ஃபின்லாந்தில் நிலைமை என்னவாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். முத்தெடுப்பு நின்றும் சிப்பிகள் பெருகவில்லை. அந்த நாட்டு ஆறுகளில் பெரும்பாலானவற்றில் இன்று குட்டிகள் இல்லை. ஆற்றுவழியே மரக்கட்டைகளை மிதக்கவிட வசதியாகப் படுகைப் பாறைகளை அகற்றி, ஓட்டத்தை நேராக்கியிருந்தார்கள். நீர்மின் நிலையங்களின் அணைகள் சால்மனின் வழியை மறித்தன. காடு வளர்ப்புக்காகச் சதுப்பு நிலங்களில் வெட்டிய வடிகால்கள், மட்கிய மண்ணைக் கரைத்து ஆற்றில் கொட்டின.

மற்ற நாடுகளின் கதையும் இதன் வேறு வடிவங்கள்தான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஊசியிலை மரத் தோட்டங்களுக்காகக் குன்றுச்சரிவுகளை உழுதார்கள். மத்திய ஐரோப்பாவில் வயல்களிலிருந்து உரமும் மண்ணும் வந்தன. பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் மிகுந்தபோது படுகையில் பாசி படர்ந்து, அது செத்து மட்கி இடுக்குகளை அடைத்தது. கால்நடைகள் கரையை மிதித்துச் சரித்தன. சால்மனும் குறைந்தது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2023இல் சால்மனின் உலகளாவிய நிலையை ஒரு படி கீழிறக்கியது. பிரிட்டனில் அதை ஆபத்துக்குள்ளான இனமாகவே அறிவித்தது. காலநிலை மாற்றத்தால் கோடையில் ஆறு வற்றுவதும், பெருமழையில் படுகையே பெயர்ந்து உருளுவதும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கின்றன.

இதன் விளைவாக, ஐரோப்பாவில் இந்தச் சிப்பிகள் கடந்த நூற்றாண்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் மறைந்துவிட்டன என்று மதிப்பிடப்படுகிறது. ஐரோப்பிய அளவிலான சிவப்புப் பட்டியலில் 2011இல் இது மிகக் கடுமையான ஆபத்தில் உள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் ஓடும் வர்சுகா ஆற்றில் பத்துக் கோடிக்கு மேல் சிப்பிகள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தொழிற்சாலையும் பெருவேளாண்மையும் எட்டாத, சால்மன் தாராளமாக ஏறிவரும் அந்த ஆற்றைப் பார்த்தால், மற்ற ஆறுகள் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

காலம் இங்கே இரு வகையில் நமக்கு எதிராக இயங்குகிறது. 1960களில் ஒரு சரிவை உழுததன் கேடு அப்போதே படுகையைத் தாக்கிக் குஞ்சுகளைக் கொன்றது. ஆனால் முதிர்ந்த சிப்பிகளின் எண்ணிக்கை அப்படியே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கேட்டைச் செய்தவர்கள் மறைந்த பிறகுதான் அது கணக்கெடுப்பில் தெரியவருகிறது. சீர்திருத்தத்துக்கும் இதே விதிதான். இன்று படுகையைச் செப்பனிட்டால், பிழைத்த குட்டி சரளையிலிருந்து தலைகாட்டவே ஐந்தாண்டு ஆகும், அது கருத்தரிக்க இன்னும் பத்தாண்டு ஆகும். மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று நிதி ஒதுக்கும் எந்தத் திட்டத்தின் காலக்கெடுவுக்குள்ளும் இது அடங்காது.

ஆகவேதான் தேர்ந்த கணக்கெடுப்பாளர்கள் மொத்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வதில்லை. சிப்பிகளின் நீளத்தை அளந்து, வயதுப் பங்கீட்டைப் பார்க்கிறார்கள். அயர்லாந்தின் பாதுகாப்பு இலக்குகள் இதற்குத் தெளிவான அளவுகோலைத் தருகின்றன. ஒரு குடியிருப்பில் குறைந்தது 20 விழுக்காடு 65 மில்லிமீட்டருக்கு மேற்படாத இளையவையாக இருக்க வேண்டும். குறைந்தது 5 விழுக்காடு 30 மில்லிமீட்டருக்கு மேற்படாத குட்டிகளாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலைப் பொருத்தினால், இலட்சக்கணக்கில் சிப்பிகள் உள்ள ஆறும் தேறாமல் போகலாம், சில ஆயிரம் மட்டுமே உள்ள ஓடை தேறிவிடலாம்.

தொட்டியும் ஆறும்

மீட்புப் பணி இரு முனைகளில் நடக்கிறது. ஒன்று, வளர்ப்பகங்களில் குட்டிகளை உருவாக்குவது. செக் நாட்டின் பிளானிச்சே ஆற்றுப்பகுதியில் 1980களிலேயே இது தொடங்கியது. பின்னர் லக்சம்பர்க்கில் ஊர் (Our) என்ற ஆற்றின் கரையிலும், இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிக்கரையிலும், நார்வேயின் ஆஸ்டெவோல் தீவுப் பகுதியிலும் வளர்ப்பகங்கள் எழுந்தன. ஃபின்லாந்தில் யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையமும் இதில் இறங்கியது. முறை ஏறத்தாழ ஒன்றே. தாய்ச் சிப்பி விடும் குளோக்கிடியாவை இளமீன்கள் உள்ள தொட்டியில் கலக்கிறார்கள். மீன்களைக் குளிர்காலம் முழுவதும் பேணுகிறார்கள். மறு ஆண்டு உதிரும் குட்டிகளை நுண்சல்லடையில் பிடித்து, மட்குத்துகளும் பாசியும் ஊட்டிச் சிறு பெட்டிகளில் வளர்க்கிறார்கள். துளையிட்ட தட்டுகளில் குட்டிகளை அடைத்து ஆற்றிலேயே தொங்கவிட்டு வளர்க்கும் முறையும் உண்டு. ஆற்றில் பத்துக் கோடியில் ஒன்று கடக்கும் தடைகளை வளர்ப்பகத்தில் பல மடங்கு கூடுதலானவை கடக்கின்றன.

இரண்டாவது முனை ஆற்றையே குணப்படுத்துவது. வட ஜெர்மனியின் லுட்டர் ஓடை இதற்கு முன்னுதாரணம். 1980களில் அங்கே எஞ்சியிருந்தவை பெரும்பாலும் முதிய சிப்பிகள். ஓடைக்குள் வரும் மணலைப் பிடிக்க மணல் பொறிக்குழிகள் வெட்டினார்கள். கரையோர விளைநிலங்களை வாங்கி உழவை நிறுத்திப் புல்வெளியாக்கினார்கள். குளோக்கிடியா ஏற்றிய டிரௌட் மீன்களை ஓடையில் விட்டார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு படுகையில் குட்டிகள் பிழைக்கத் தொடங்கின. இன்று அங்கே சிப்பிகள் பல மடங்கு பெருகியிருக்கின்றன, இளையவையும் கணிசமாக இருக்கின்றன. மத்திய ஐரோப்பாவில் இப்படி மீண்ட ஓடைகள் மிகச் சில.

இங்கிலாந்தின் கம்பிரியாவில் ஓடும் எஹன் ஆறு இன்னொரு வகை எடுத்துக்காட்டு. அந்த நாட்டிலேயே மிகப் பெரிய குடியிருப்பு, ஏறத்தாழ ஐந்து இலட்சம் சிப்பிகள், அங்கேதான் இருக்கிறது. ஆற்றின் பிறப்பிடமான எனர்டேல் ஏரியிலிருந்து நகரங்களுக்குக் குடிநீர் எடுத்ததால் வறட்சிக் காலத்தில் ஆற்றில் ஓட்டம் குறைந்து சிப்பிகள் பாதிக்கப்பட்டன. தர்ல்மியர் நீர்த்தேக்கத்திலிருந்து புதிய குழாய்வழி அமைத்து, எனர்டேலில் நீர் எடுப்பதை 2022இல் நிறுத்தினார்கள். ஒரு சிப்பியினத்தை முன்னிட்டு ஒரு வட்டாரத்தின் குடிநீர் ஆதாரமே மாற்றப்பட்டது.

அயர்லாந்தின் மேற்கே எட்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் உழவர்களையே பங்காளிகளாக்கினார்கள். என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடாமல், ஒவ்வொருவரின் நிலத்தையும் ஓடைக்கரையையும் மதிப்பெண் இட்டு, மேம்பாட்டுக்கேற்பப் பணம் கொடுத்தார்கள். சதுப்பு ஈரம் காப்பது, வடிகாலை அடைப்பது, கால்நடையை ஓடையிலிருந்து தள்ளி வைப்பது ஆகியவை உழவருக்கு வருமானமாயின. சிப்பியைக் காப்பதென்பது அதன் ஆற்றுக்கு நீரனுப்பும் ஒவ்வொரு வயலையும் பேணுவதே என்பதை இந்தத் திட்டம் நடைமுறையில் ஏற்றுக்கொண்டது.

இரு முனைகளில் எது முதன்மை என்ற விவாதம் தொடர்கிறது. என் பார்வையில் வளர்ப்பகம் தேவையான ஒன்றே. கடைசி முதிய சிப்பிகள் இறந்துவிட்டால், அந்த ஆற்றுக்கே உரிய மரபும் என்றென்றைக்குமாகப் போய்விடும். ஆறு குணமாகும் வரை அந்த மரபைக் காத்து வைக்க வளர்ப்பகத்தால் மட்டுமே முடியும். ஆனால் அது காலத்தை வாங்கித் தரும் ஏற்பாடு மட்டுமே, தீர்வாகாது. அடைபட்ட படுகையில் ஆயிரம் குட்டிகளை விட்டால் ஆயிரமும் சாகும். சற்றே பெரிதாக வளர்த்து விட்டால் அவை பிழைத்து, மொத்த எண்ணிக்கையைக் கூட்டி, திட்ட அறிக்கைக்கு அழகு சேர்க்கும். ஆனால் அவற்றின் குஞ்சுகள் பிழைக்கா. இன்னும் நூறாண்டுக்கு எண்ணிக்கை நம்மை ஏமாற்ற நாமே வழி செய்தவர்களாவோம். விடுவிக்கப்பட்டவை எத்தனை என்பதை வெற்றியின் அளவாகக் கொள்ளும் எந்தத் திட்டத்தையும் இக்காரணத்தாலேயே ஐயத்தோடு பார்க்க வேண்டும். மனிதர் கை படாமல் ஆற்றிலேயே பிறந்து, சரளைக்குள் ஐந்தாண்டைக் கடந்து மேலே வந்த குட்டிகள் எத்தனை என்பதுதான் கேள்வி.

நமக்கும் உரிய கேள்வி

இது தொலைதூர நாடுகளின் கவலை மட்டுமன்று. நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் லாமெல்லிடென்ஸ் முதலிய நன்னீர்ச் சிப்பிகளும் இதே வரிசையைச் சேர்ந்தவை. அவற்றின் இளநிலைகளும் மீனில் ஒட்டி வளர்ந்தே படுகைக்கு வருகின்றன. அவை அத்தனை நெடிய ஆயுள் கொண்டவை அல்ல, நீரின் தூய்மையில் அத்தனை கண்டிப்பும் காட்டுவதில்லை. ஆனால் மீனும் படுகையும் ஒருசேர நலமாக இருந்தால்தான் இனம் தொடரும் என்ற விதி அவற்றுக்கும் உண்டு. படுகையையே வாரி எடுத்துச் செல்லும் மணல் கொள்ளை, கரையோர மீனினங்களை மாற்றிவிடும் அயல் மீன் வளர்ப்பு, சாயக்கழிவு ஆகியவற்றின் விளைவை அளக்கும்போது, கரையில் கிடக்கும் பெரிய ஓடுகளை மட்டும் எண்ணினால் போதாது.

பாதுகாப்பு பற்றிய நம் பழக்கங்களில் ஒன்று, இருப்பதைக் கணக்கெடுத்து, குறையவில்லை என்றால் நிம்மதி கொள்வது. ஓரிரு ஆண்டு வாழும் உயிர்களுக்கு அது ஓரளவு பொருந்தும். நெடுங்காலம் வாழும் உயிர்களுக்கு, அவை சிப்பியாக இருந்தாலும் ஆமையாக இருந்தாலும் பழம்பெரும் மரங்களாக இருந்தாலும், அந்த நிம்மதி ஆபத்தானது. இளையவை வருகின்றனவா என்று கேட்பதும், வராவிட்டால் வாழ்க்கைச் சுழற்சியின் எந்தக் கண்ணி அறுந்தது என்று தேடுவதும், அந்தக் கண்ணியைச் சீர்செய்ய இருபது, முப்பது ஆண்டுக்கு நிதியும் பொறுப்பும் ஒதுக்குவதும்தான் உண்மையான பாதுகாப்பு. லுட்டரில் அது நடந்திருக்கிறது. எனவே முடியாது என்று சொல்ல எவருக்கும் இடமில்லை. முதிய சிப்பிகள் இன்னும் ஆண்டுதோறும் கருத்தரித்துக்கொண்டிருக்கும் ஆறுகள் ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றின் படுகைகளைத் திறந்துவிட மிச்சமிருக்கும் காலம், அந்தச் சிப்பிகளின் எஞ்சிய ஆயுள் மட்டுமே.